எனக்கு மட்டும் ஏறாத அகவிலைப்படி

அகவிலைப்படி உயர்வை வீட்டில் அறிவிப்பதில்லை என்பது என் கொள்கை. விலைவாசி ஏறினால் அரசாங்கம் ஓய்வூதியத்தை ஏற்றுகிறது. அந்த விலைவாசியில் திண்டிவனத்து மட்டன் பிரியாணியும் அடக்கம் என்பது என் கட்சி. டாக்டரும் என் மனைவி செண்பகமும் எதிர்க்கட்சி.

சனிக்கிழமைதோறும் விழுப்புரத்தில் பஸ் ஏறுவேன். பென்ஷனர் சங்கக் கூட்டம் என்பேன். கூட்டம் நடப்பது உண்மை. உறுப்பினர்கள் நானும் தேவசகாயமும். தீர்மானம் ஆளுக்கொரு பிரியாணி, பொதுவில் ஒரு சுக்கா.

இந்த மாதமும் ஏடிஎம்மில் பழைய தொகையை மட்டும் எடுத்துச் செண்பகத்திடம் கொடுத்தேன்.

"இன்னாங்க, படி ஏறிச்சாமே? தேவசகாயம் அண்ணன் வூட்ல பிரபாவதி சொன்னாங்க."

தேவசகாயம் மனைவியிடம் உண்மை பேசுகிறவன் என்பதைச் சங்கம் கவனிக்கத் தவறிவிட்டது.

"அவனுக்கு ஏறியிருக்கும். எனக்கு ஏறல."

"அய்யோ பாவம்" என்றாள். அவ்வளவுதான். நிம்மதியாகத் தூங்கினேன்.

திங்கட்கிழமை காலை பட்டுப்புடவையில் வந்து நின்றாள். கையில் மனு.

"கெளம்புங்க ஜல்தி. கலெக்டர் ஆபீஸ்ல இன்னிக்குக் குறைதீர் நாள்."

"எதுக்குடி?"

"முப்பத்தஞ்சு வருசம் வெயில்ல சங்கிலி புடிச்சு நெலம் அளந்த மனுசன். ஊருக்கெல்லாம் குடுத்துட்டு உங்கள மட்டும் உட்டா, கேக்க வாணாமா?"

"மெதுவா வரும் செண்பகம்."

"நீங்க வாயத் தொறக்காதீங்க. நான் பேசிக்கிறேன்."

எங்களுக்கு முன்னால் நாற்பது பேர். மதியம்வரை நின்றால் ஏதாவது யோசனை வரும் என்று நம்பினேன். செண்பகம் வரிசை முழுக்க என் கதையைச் சொல்லிக்கொண்டே போனாள். பட்டாவுக்காகக் காணையிலிருந்து வந்த பெரியவர் என்னைப் பார்த்துக் கண் கலங்கினார்.

"மொதல்ல நீங்க போங்க சார். எங்க பேஜாரு எப்பவும் கீறதுதான்."

நாற்பது பேரும் வழிவிட்டார்கள். கலெக்டர் மேசை நான்கடி தூரத்தில் இருந்தது.

"செண்பகம், வூட்டுக்குப் போயிடலாம்."

"ஏன்?"

"ஏறிடுச்சு. நான்தான் சொல்லல."

அவள் ஆச்சரியப்படவில்லை.

"எத்தினி தடவை?"

மேசைக்குப் பின்னாலிருந்து எங்களைக் கூப்பிட்டார்கள். பொய்யை ஜோடிக்க நேரமில்லை.

"நாலு."

செண்பகம் மனுவை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"எனக்கு இந்த ஒண்ணுதாங்க தெரியும்."