ஜான் பீட்டரின் வாய்

ஜான் பீட்டர் வாயை மூடிக்கொண்டான். சும்மா மூடவில்லை. உதடு இரண்டையும் உள்ளே இழுத்துப் பூட்டிக்கொண்டான். முகத்தில் வாய் இருந்த இடத்தில் ஒரு கோடு மட்டும்தான் தெரிந்தது.

லியோ பிரபு முருங்கைக்கீரை பிசைந்த கவளத்தைக் கையில் ஏந்தியபடி அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அரியலூரில் ஒரு சிமெண்ட் குடோனில் அவன் லோடுமேன். மழையில் நனைந்து கல்லாகிப்போன மூட்டையை முதுகில் வாங்கிப் பலகை மேல் நடந்து லாரியில் அடுக்கியவன். சேற்றில் பதிந்த லாரியை நாலு பேரோடு சேர்ந்து நெம்பித் தூக்கியவன். அவனால் யுகேஜி படிக்கிற பையனின் கீழுதட்டை ஒரு நூல் அளவு நகர்த்த முடியவில்லை.

"ஒரே ஒரு வாய் தங்கம்."

தங்கம் மூக்கால் மூச்சு விட்டது.

பொங்கல் கழிந்த வாரத்தில் லியோவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. எலும்பு டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, கோடை வரைக்கும் மூட்டையைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார். அதே வாரத்தில்தான் அவன் மனைவி ரீனாவுக்கு ஜெயங்கொண்டத்தில் ஒரு ஆஸ்பத்திரி மருந்துக்கடையில் வேலை கிடைத்தது. பார்மசி படித்துவிட்டுக் கல்யாணத்தோடு அதைப் பரணில் போட்டவள். முதல்நாள் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு தங்கள் ஊரான வரதராசன்பேட்டை ஸ்டாப்பிங்கில் பஸ்ஸுக்கு நின்றபோது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. கல்யாணத்தன்றுகூட அவள் அப்படிச் சிரித்து லியோ பார்த்ததில்லை.

"வூட்ட நான் பாத்துக்குறேன், நீ போயிட்டு வா" என்று அவன்தான் வாய்விட்டுச் சொன்னான். அடுப்படியில் அதுவரை அவன் செய்த வேலை, தண்ணீர் குடித்துவிட்டுச் செம்பைக் கவிழ்த்து வைத்தது மட்டும்தான்.

மாதம் ஒன்று போவதற்குள் பையன் வெளுத்துப்போனான். ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, டானிக் ஒன்று எழுதிக்கொடுத்து, டானிக் பாதிதான், மீதி வேலை தட்டில்தான் நடக்க வேண்டும் என்றார். கீரை, கேழ்வரகு, பயறு, முட்டை. பிஸ்கட் பாக்கெட் வாசற்படி ஏறக்கூடாது. ஈஸ்டருக்கு முந்திய வாரம் மறுபடி ரத்தம் பார்க்கலாம் என்று அனுப்பிவைத்தார்.

ரீனா வீட்டுக்கு வந்து கோட்டை இஸ்திரி போட்டு மாட்டிவிட்டுச் சொன்னாள்.

"அந்த டெஸ்ட்லயும் ரத்தம் ஏறலன்னா நான் வேலைய விட்டுடுறேங்க."

அவள் சத்தம் போட்டிருந்தால் லியோவும் போட்டிருப்பான். அவள் சாதாரணமாகச் சொன்னதுதான் அவனைக் குத்தியது.

அன்றிலிருந்து தொடங்கியது யுத்தம். முதலில் அவன் நேர்வழியில்தான் போனான். முருங்கைக்கீரை பொரித்தான். லோடுமேன் கை மொத்தமாக அள்ளிப் பழகிய கை. இலை வேறு காம்பு வேறு என்று அதற்குத் தெரியாது. பையன் தொண்டையில் காம்பு குத்திக்கொண்டது. அவன் இருமி, துப்பி, கீரை என்ற ஜாதியையே ஒதுக்கி வைத்தான்.

டீக்கடையில் இதைக் கேட்ட அடைக்கலசாமி, கூட மூட்டை தூக்குகிற சேக்காளி, விழுந்து விழுந்து சிரித்தான். அப்புறம் யோசனை சொன்னான்.

"ஆத்து மணல்ல எம்.சாண்ட கலக்குற மாதிரி கலந்துரு மாப்ள. எவன் கண்டுபிடிக்கப்போறான்."

லியோ கீரையை அரைத்துத் தோசை மாவில் கலந்தான். தோசை பாசி பிடித்த குளம்போல வந்தது. ஜான் பீட்டர் அதன் ஓரத்தைத் தூக்கி அடியில் பார்த்தான். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"தோசைக்கு ஒடம்பு சரியில்லப்பா" என்று சொல்லிவிட்டு எழுந்துபோனான்.

அதோடு விட்டானா. ஞாயிற்றுக்கிழமை ரீனா வெள்ளை வெளேரென்று சுட்டுப்போட்ட தோசையையும் அவன் நம்பவில்லை. ஒரு தடவை ஏமாற்றிய தோசை ஆயுளுக்கும் தோசை இல்லை. சரி, இட்லியில் கேழ்வரகைக் கலந்து பார்த்தான் லியோ. இட்லி கையை விட்டுப் போயிற்று. சாம்பாரில் முட்டையை அடித்து ஊற்றினான். சாம்பார் போயிற்று. கடைசியாக மிஞ்சி நின்றது தயிர்ச்சோறு ஒன்றுதான். அதை விட்டிருக்கலாம். விதி யாரை விட்டது. பீட்ரூட்டைத் துருவிப் பிசைந்து வைத்தான். சோறு சிவந்து நின்றதைப் பார்த்துப் பையன் வீறிட்டதில் பக்கத்துவீட்டு ஆட்கள் கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்துவிட்டார்கள்.

மணலில் கலந்தால் வீடு கட்டி முடித்து விரிசல் விட்ட பிறகுதான் தெரியும். ஐந்து வயதுப் பிள்ளையின் நாக்கு லோடு இறங்கும்போதே பிடித்துவிடுகிறது. எப்பேர்ப்பட்ட சோதனைச் சாவடி அது என்று லியோவுக்கு மலைப்பாக இருந்தது. குடோன் வாசலில் உள்ள எடை மேடையைக்கூட ஏமாற்றியவர்கள் உண்டு. இந்த நாக்கை ஏமாற்ற ஆள் பிறக்கவில்லை.

பிறகு போனைக் கையில் கொடுத்து ஊட்டினான். கார்ட்டூனில் பூனை எலியைத் துரத்த, வாய் தானாகத் திறந்தது. இரண்டு கவளம் உள்ளே போனதும் லியோவுக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் கவளம் தொண்டைக்குப் போகவில்லை, கன்னத்துக்குத்தான் போனது என்பது அப்புறம் தெரிந்தது. பூனை எலியைப் பிடிக்கிறவரை சோறு கன்னத்திலேயே குடியிருந்தது. கார்ட்டூன் முடிந்ததும் பையன் முற்றத்துக்குப் போய் அத்தனையையும் துப்பிவிட்டு வந்தான்.

கோபத்தில் லியோ தெருமுனைக் கடைக்கார வீரம்மாளிடம் போய், தன் பையனுக்குப் பிஸ்கட் விற்றால் கடை முன்னால் உட்கார்ந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டு வந்தான். அவளும் நிறுத்திவிட்டாள். பிஸ்கட்டும் நின்றுபோனதும் ஜான் பீட்டருக்கு வாய்வழியாகப் போக ஒன்றுமே இல்லாமல் போயிற்று. பசித்தால் தின்பான் என்று எல்லோரும் சொன்னார்கள். பையன் பசித்துக்கொண்டே இருந்தான், தின்னவில்லை. ரீனா அவனை இடுப்பில் தூக்கிப் பார்த்தாள். எடை குறைந்திருந்தது அவள் கைக்கே தெரிந்தது. மறுநாள் மருந்துக்கடை முதலாளியிடம், வேறு ஆள் தேவைப்பட்டாலும் தேவைப்படும், பார்த்து வையுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அந்த நேரம் பார்த்துத் திருநீற்றுப் புதனும் வந்தது. ஈஸ்டர் வரைக்குமான தவக்காலம் தொடங்கினால் அந்த ஊரில் கறி மீன் கிடையாது. ஈரல் வாங்கிக் கொடுத்துப் பார்க்கலாம் என்று லியோ மனதில் வைத்திருந்த கடைசி யோசனையும் அடைபட்டுப்போனது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் தோற்றுப்போனவனாகத்தான் அடுப்பங்கரையில் நின்றான். ஒளிக்கவும் இல்லை, அரைக்கவும் இல்லை. தனக்கென்று கேழ்வரகுக் களி கிண்டி, முருங்கைக்கீரைக் குழம்பு வைத்தான். களி அடிப்பிடித்திருந்தது. குழம்பில் உப்பு ஒரு கை தூக்கல்.

கோயிலில் பூசையும் மறைக்கல்வி வகுப்பும் முடிந்து வந்த ஜான் பீட்டர் கைகழுவிவிட்டு அப்பன் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டான்.

"எனக்கும் வைப்பா."

லியோ ஒரு துண்டு களியைக் கிள்ளிக் குழம்பில் தோய்த்து நீட்டினான்.

வாய் திறந்தது.

பாறையைக் குடைந்து வெடி வைக்கிற சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் லியோவின் அப்பன் வேலை பார்த்தவர். வெடித்துப் புகை அடங்கிய பிறகு பாறை இரண்டாகப் பிளந்து கிடப்பதைச் சின்ன வயதில் பார்த்து அவன் வாயடைத்து நின்றிருக்கிறான். அன்றைக்குப் பிறகு அப்படி வாயடைத்து நின்றது இப்போதுதான். சின்னச் சின்னப் பல், அதற்குப் பின்னால் நாக்கு, அதற்கும் பின்னால் இருட்டு. அந்த இருட்டுக்குள் களி போனது, தொண்டை ஏறி இறங்கியது. திரும்ப வாய் திறந்தது. தட்டு வழித்துத் துடைத்ததுபோல ஆனபிறகு பையன் இன்னொரு சிலுவை போட்டுக்கொண்டு எழுந்து கைகழுவப் போனான்.

மறுநாளும் தின்றான். அதற்கு மறுநாளும் தின்றான். லியோவுக்குத் தரையில் கால் பாவவில்லை. கைப்பக்குவம் வந்துவிட்டது என்று முடிவுகட்டினான். தைரியம் வந்ததும் மெனு ஏறிக்கொண்டே போனது. நரம்பு எடுக்காத வாழைப்பூ. கசப்பு பிழியாத பாகற்காய். ஒருநாள் அகத்திக்கீரையைத் தண்ணீர் மாற்றாமல் வேகவைத்துக் கொடுத்தான். அதைத் தின்னும்போது ஜான் பீட்டரின் இரண்டு கண்ணிலும் தண்ணீர் வழிந்தது. ருசியில் பிள்ளைக்கு ஆனந்தக்கண்ணீர் வருகிறது என்று லியோ தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

லீவு நாளில் ரீனா ஆசையாக உருளைக்கிழங்கு வறுத்து, ரசம் வைத்து மகனைக் கூப்பிட்டாள். பையன் அந்த வறுவலை வெகுநேரம் பார்த்தான். எச்சில் விழுங்கினான். பிறகு தட்டைத் தள்ளி வைத்தான்.

"வேணாம்மா. அப்பா செஞ்சதுதான்."

ரீனாவுக்கு முகம் ஒருமாதிரி ஆகிவிட்டது. அப்படி என்னதான் இருக்கிறது என்று அகத்திக்கீரையில் ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்தாள். கொல்லைப்பக்கம் போய் மூன்று முறை வாய் கொப்பளித்துவிட்டு வந்தாள்.

"இதையா திங்கிறான்?"

"நாக்கு பழகணும் ரீனா. ஒனக்குப் பழகல."

அவள் மகனை ஒரு தரம் பார்த்தாள், புருஷனை ஒரு தரம் பார்த்தாள்.

அடைக்கலசாமி தன் மகள் ஷைனிக்காகச் செய்முறை கேட்டுக்கொண்டு போனான். ஷைனி அதை அவன் சட்டையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டாள். என்ன மாப்ள போட்ட அதுல என்று அவன் சண்டைக்கு வந்தபோது லியோ நிதானமாகச் சொன்னான்.

"பொறுமை போட்டேன்."

ஈஸ்டருக்கு முந்திய குருத்து ஞாயிற்றுக்கு முதல்நாள் ரத்தம் எடுத்தார்கள். டாக்டரம்மா சீட்டைப் பார்த்தார், பையனின் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார், மறுபடியும் சீட்டைப் பார்த்தார். நன்றாக ஏறியிருந்தது. வீட்டில் யார் சமையல் என்று அவர் கேட்டதற்கு, ரீனா புருஷன் பக்கம் கையைக் காட்டினாள். அன்று மாலை அவள் முதலாளிக்குப் போன் போட்டு, வேறு ஆள் பார்க்க வேண்டாம் என்று சொன்னாள். லியோ கதவுக்குப் பின்னால் நின்று அதைக் கேட்டான். இடுப்பு வலிக்காமல் பெருமூச்சு விட முடிந்தது அவனுக்கு அன்றைக்குத்தான்.

மறுநாள் காலை குருத்தோலை பவனி முடிந்து கோயில் வளாகத்தில் வேப்பமர நிழலில் கூட்டம் நின்றது. லியோவைச் சுற்றி இளந்தாய்மார்கள் ஐந்தாறு பேர். கையில் ஓலையை ஆட்டி ஆட்டி அவன் பேசிக்கொண்டிருந்தான். பிள்ளைகளை ஏமாற்றக்கூடாது, போன் காட்டக்கூடாது, ருசியாகச் செய்து முன்னால் வைத்தால் அவர்களே கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்கள் என்றான். ஒருத்தி, எங்க வூட்டுக்காரர் சுடுதண்ணிகூட வைக்க மாட்டார் என்று ஏங்கினாள். ரீனா வெள்ளைப் புடவையில் கொஞ்சம் தள்ளி நின்று, வாய்க்குள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மறைக்கல்வி எடுக்கிற சாந்தி மேரி டீச்சர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். ஜான் பீட்டரின் தலையைத் தடவி, நெற்றியில் சிலுவை வரைந்தார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

"ரத்தம் ஏறிருச்சாமே தம்பி. கேள்விப்பட்டேன்."

"எல்லாம் கைப்பக்குவம் டீச்சர்" என்றான் லியோ.

"இப்படி ஒரு புள்ளைய நான் பாத்ததில்ல தம்பி. தவக்காலத்து மொத ஞாயித்துக்கெழம, ஈஸ்டர் வரைக்கும் ஆண்டவருக்காக ஆளுக்கு ஒரு கஷ்டத்தத் தாங்கிக்கங்கன்னு வகுப்புல சொன்னேன். ஒருத்தன் மிட்டாய விடுறேன்னான். ஒருத்தி டிவி பாக்க மாட்டேன்னா. ஒங்க பையன் மட்டும் எந்திரிச்சு நின்னு, 'ஏசுசாமி சிலுவையத் தூக்குனாருல்ல டீச்சர், நான் எங்கப்பா ஆக்குற சோத்த மிச்சம் வெக்காம திங்கிறேன்'னான்."