நைலானில் உட்கார்ந்த கிழவி

"அம்மா, செத்துப்போனவங்களுக்குக்கூடக் கோபம் வருமா?"

தலை வாரும்போது மகள் கேட்டாள். தையற்காரியின் கையில் சீப்பு பாதியில் நின்றது. வரும் என்று போன வாரமே ஒருவர் சொல்லிவிட்டார். அவர்தான் சிக்குச் சித்தர்.

சிக்குச் சித்தரைத் தெரியாதவர்கள் அந்த ஊரில் வழுக்கைத் தலையர்கள் மட்டும்தான். மெத்தைக் கடைக்கு மேல்மாடியில் ஜில்லென்று ஓர் ஏசி அறை. படிக்கட்டு முழுக்கக் கூட்டம். பறக்கிற முடி, நிமிர்ந்து நிற்கிற முடி, சீப்பை விழுங்குகிற முடி எல்லாம் வரிசையில் நிற்கும். சித்தர் தம் பளபளப்புச் சால்வையில் சீப்பைப் பயபக்தியோடு துடைத்துத் தலைக்கு மேல் கொண்டுபோவார். முடி எழுந்து நிற்கும். கூட்டமும் எழுந்து நிற்கும். "பாத்தியா, ஆவி தலைதூக்குது!" பிறகு மந்திரத் தண்ணீர் தெளிப்பார். முடி படியும். கூட்டம் அவர் காலில் படியும். அந்தத் தண்ணீர் புட்டியிலும் கிடைக்கும். புட்டி தீர்ந்தால் ஆவி திரும்பி வரும். சொன்ன சொல் தவறாத ஆவிகள்.

போன வாரம் மகளின் முடியோ அடித்த பஞ்சுபோலக் கிளம்பியது. "உங்கப்பாதான்," என்றார் சித்தர். "கோபமா உக்காந்திருக்காரு. தண்ணிக்கெல்லாம் அடங்க மாட்டாரு. அடுத்த வாரம் வா, மழிச்சிரலாம்."

அப்பா போய் ஒரு வருடம்கூட ஆகவில்லை. அன்றிலிருந்து குழந்தை கண்ணாடியைப் பார்ப்பதில்லை.

தையற்காரி கடவுளை நம்புகிறவள். அதில் ஒரு குறையும் இல்லை. கடவுளுக்குப் பக்கத்து நாற்காலியில் யார் வந்து உட்கார்ந்தாலும் நம்பிவிடுவாள், அதுதான் குறை.

"எங்கண்ணனுக்கா கோபம்?" என்றாள் நாத்தனார். அவள் அதே வீட்டில்தான் இருந்தாள். "சாப்பாட்டுல உப்பே இல்லன்னாலும், 'உடம்புக்கு நல்லது'ன்னு தின்னுட்டுப் போற மனுஷன். செத்த பிறகா கோபப்படக் கத்துக்கிட்டாரு?"

"எனக்கு மட்டும் மழிக்க ஆசையா? நானும் தினமும் துண்டால தேய்தேய்னு தேய்ச்சுத்தான் துவட்டறேன். படிய மாட்டேங்குதே!"

"சரி அண்ணி, நாளைக்கு நானும் வரேன். எனக்கும் பாக்கட்டும்."

தையற்காரி அவள் தலையைப் பார்த்தாள். "உனக்கா?"

"எனக்கேதான்."

நாத்தனாரின் தலையில் இருந்தது டோப்பா. காய்ச்சல் ஒன்று அவள் முடியை வாரிக்கொண்டு போய் இரண்டு வருடம் ஆகிறது. இரவில் டோப்பா கவிழ்த்த செம்பின் மேல் தூங்கும். வீட்டைத் தாண்டி யாருக்கும் தெரியாது. அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரிக்குக்கூட.

மறுநாள் அந்தப் பக்கத்து மேசைக்காரியே வரிசையில் நின்றாள். நாத்தனார் ஒரு நிமிடம் தயங்கினாள். மூலையில் நாவிதர் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். குழந்தை அம்மாவின் சேலைக்குள் முகத்தைப் புதைத்திருந்தது. அதைப் பார்த்துவிட்டு நாத்தனார் போய் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

சீப்பு வந்தது. டோப்பா ஜம்மென்று எழுந்து நின்றது.

"ஆகா! உன் தாய்வழியில ஒரு கிழவி. பசியோட செத்திருக்கா!"

"ஐயய்யோ! எங்கங்க உக்காந்திருக்கா?"

"ஒவ்வொரு வேர்லயும்!"

"வேர்லயா? நல்லாப் பாத்தீங்களா?"

"என் கண்ணுக்குத் தப்புமா?"

நாத்தனார் டோப்பாவைக் கழற்றி அவர் மடியில் வைத்தாள். "அந்த வேரைக் கொஞ்சம் காட்டுங்க. இது நைலான். கடையில வாங்கினேன். எங்க பரம்பரையில நைலான் கிழவி யாரும் இல்ல."

கூட்டம் எட்டிப் பார்த்தது. ஆனால் நம்பிக்கை அவ்வளவு லேசில் சாகுமா? "ஆவி டோப்பாவுக்கும் தாவும்மா!" என்று ஒரு பக்தர் கை கொடுத்தார். "ஆமா, தாவும்!" என்று அதைப் பற்றிக்கொண்டு கரையேறப் பார்த்தார் சித்தர்.

"அப்படியா?" அவள் சீப்பைப் பிடுங்கி, அவர் சால்வையிலேயே பரபரவென்று தேய்த்து, அவர் தாடிக்கு எதிரே நீட்டினாள். தாடி முழுசாகக் கிளம்பி சீப்பைக் கும்பிட்டது. "உங்க தாடியில யாருங்க குடியிருக்கா?" மூலைக் கேனிலிருந்து குடிதண்ணீர் பிடித்துத் தெளித்தாள். தாடி படிந்தது. சீப்பை மறுபடி தேய்த்து ஈரத் தாடிக்கு எதிரே நீட்டினாள். அசையவில்லை.

முதலில் சிரித்தவர் நாவிதர். கத்தியை மடக்கியபடியே, "சிக்கெடுக்க வந்தவரு சிக்கிட்டாருடோய்!" என்றார். பிறகு மெத்தைக் கடைவரை சிரிப்பு இறங்கியது. சித்தர் பின்வாசல் வழியாக இறங்கினார்.

நாத்தனார் வெறுந்தலையோடு குழந்தையின் முன் குனிந்தாள். "உங்கப்பாவுக்கும் இதே முடிதான்டி. எனக்கும் இருந்துச்சு. காஞ்ச முடி, காத்துல இருக்கற ஈரத்தக் குடிச்சு உப்பும். அவ்வளவுதான். உங்கப்பா கோபத்த விட்டுட்டுப் போகல, முடியத்தான் உனக்குக் குடுத்துட்டுப் போயிருக்காரு."

"அப்ப மழிக்க வேணாமா அத்தை?"

"தொட்டா கைய ஒடிப்பேன். அண்ணி, இனிமே துண்டால தேய்க்காதீங்க. பழைய பருத்தித் துணியால ஒத்தி எடுங்க. ஈரம் இருக்கும்போதே ரெண்டு சொட்டு எண்ணெய் தடவி, அகலப் பல்லு சீப்பால வாருங்க." பிறகு கூட்டத்தைப் பார்த்தாள். "தலைக்கு வெளியில இருக்கறதுக்காக இவ்வளவு படி ஏறுனீங்களே! உள்ள ஒண்ணு குடுத்திருக்காரே கடவுள், அத ஒரு தடவையாவது தொட்டுப் பாத்தீங்களா?"

பக்கத்து மேசைக்காரி பார்த்துக்கொண்டே இருந்தாள். நாத்தனார் டோப்பாவைப் பையில் திணித்துக்கொண்டு படியிறங்கினாள். தலை நிமிர்ந்துதான் இருந்தது. பின்னால் வந்த தையற்காரிக்குத்தான் தெரிந்தது, காதுகளுக்கு மேலே டோப்பாவின் விளிம்பு அறுத்துச் சிவந்த புண்கள்.

மதியம் நாத்தனாரும் குழந்தையும் உறங்கினார்கள். தையற்காரி அலமாரியிலிருந்து கணவனின் பழைய பருத்திச் சட்டையை எடுத்தாள். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகியிருந்தது. முதுகுப் பக்கத்தை மகளின் தலை துவட்ட ஒதுக்கினாள். கைப்பகுதியை மெல்லிய பட்டையாக வெட்டி, டோப்பாவின் உள்விளிம்பில் வைத்து, தையல் தலையில் படாதபடி சுற்றிலும் தைத்தாள். முடிச்சுகளை வெளிப்பக்கமாகத் திருப்பினாள். விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தாள். உறுத்தவில்லை.

செம்பின் மேல் அதைப் பழையபடி கவிழ்த்துவிட்டு, சத்தமில்லாமல் கதவைச் சாத்தினாள்.