முறை வைத்த அண்டை வீடு

சர்க்கார் உத்தியோகஸ்தர் ஒருவர் புது இடத்துக்கு மாற்றலாகிப் போனால், வேலையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எங்கே குடியிருப்பது, யாரோடு பழகுவது என்ற இரண்டையும் முதலில் பிசகில்லாமல் தீர்மானித்துவிட வேண்டும். ஸ்பெஷல் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் அர்த்தனாரி அப்படித்தான் நினைத்தார். அவர் மனைவி அம்சவேணியும் அப்படித்தான் நினைத்தாள். அவர் நினைத்தது கௌரவத்துக்காக. அவள் நினைத்தது பேச்சுத் துணைக்காக.

வெள்ளைக்காரன் ராஜ்ஜியம் இன்னும் ஆட்டங்காணாமல் நடந்துகொண்டிருந்த காலம். சேலத்திலிருந்து கொல்லிமலைக்குப் போகும்படி உத்தரவு வந்தபோது அம்சவேணி அழுதாள். அவளுக்கு ஒருநாள் பேசாமல் இருந்தால் மறுநாள் தலைவலி வந்துவிடும்.

"அழ வேண்டாம். அங்கே சிநேகிதத்துக்குத் தக்க ஏற்பாடு செய்யப்படும்" என்றார் அர்த்தனாரி. வீட்டிலும் அவர் பேச்சு அப்படித்தான். காப்பி தாமதமானால், "காப்பி இதுநாள் வரை வரப்பெறவில்லை" என்பார்.

அவள் டோலியிலும் அவர் நடையிலுமாக மலையேறி, அட்டைக்கடியோடு எடப்புளி நாடு என்ற மலைப்பகுதிக்கு வந்து சேர்ந்தார்கள். ஊர்க்கவுண்டர் கருப்பண்ணன் வாழையிலையில் பலாச்சுளையும் தேனும் வைத்து வரவேற்றார். அது உபசாரமா, லஞ்சமா என்று அர்த்தனாரி யோசித்து முடிப்பதற்குள் அம்சவேணி தின்று முடித்திருந்தாள்.

"இந்த மலையில் கௌரவமான ஏரியா எது?" என்று கேட்டார் அர்த்தனாரி.

"ஏரிங்களா? ஏரி இல்லீங்க. ஊத்துத்தானுங்க இருக்குது."

"ஏரி இல்லை ஐயா, ஏரியா. பெரிய மனிதர்கள் குடியிருக்கும் பகுதி."

கவுண்டர் மலையை ஒரு சுற்றுப் பார்த்தார். "இங்க எல்லாரும் சாமை வெதைக்கிறவங்கதானுங்க. பெருசுன்னா, அந்தக் கரட்டு மேல ஒரு கரடி இருக்குதுங்க. நல்ல பெருசு."

அர்த்தனாரி அடுத்த நிபந்தனைக்கு வந்தார். "மனு கொடுத்தவர்களுக்குப் பக்கத்தில் நான் குடியிருக்கக் கூடாது. அது விதி. மனு கொடுக்காதவர்கள் எந்தப் பக்கம் இருக்கிறார்கள்?"

"அப்படி ஒருத்தருமில்லீங்க."

"அத்தனை குறையா உங்களுக்கு?"

"கொறை ஒண்ணும் பெருசா இல்லீங்க. போன ஆபீசரு, 'ஒரு மனுகூட இல்லைன்னா நான் சும்மா உக்காந்திருக்கேன்னு மேல நெனைப்பாங்களே'ன்னு கண் கலங்கிட்டாருங்க. பாவமா இருந்துச்சு. ஊட்டுக்கு ஒண்ணு எழுதிக் குடுத்துட்டமுங்க."

எடப்புளி நாட்டில் மனு கொடுக்காத ஒரே பிரஜை அந்தக் கரடிதான் என்பது இவ்விதம் ருசுவாயிற்று. ஆகவே இன்ஸ்பெக்டரின் வீடு அந்தப் பாறைக் கரட்டின் உச்சியில் கட்டப்பட்டது. அதில் அர்த்தனாரிக்கு உள்ளூரத் திருப்தி. சேலத்தில் அப்போது அதுதான் நாகரிகம்: பக்கத்து வீட்டுக் குரல் காதில் விழுந்தால் அது குமாஸ்தா வீடு, விழாவிட்டால் ஆபீசர் வீடு. இங்கே எந்தக் குரலும் விழவில்லை. காற்றுதான் விழுந்து விழுந்து அடித்தது. முதல் மாதமே பாதிக் கூரையைப் பிய்த்துப் பக்கத்திலிருந்த பைல் நாடு வரைக்கும் கொண்டுபோயிற்று.

அம்சவேணிக்குத் தினமும் தலைவலி. கணவன் முகாமுக்குப் போய்விட்டால் பேசுவதற்கு டவாலி போட்ட சேவகன் செங்கோடன் ஒருவன்தான் இருந்தான்.

"மழை வருமா செங்கோடா?"

"உத்தரவுங்கம்மா."

"உனக்குப் பசிக்கலையா?"

"உத்தரவுங்கம்மா."

ஒருநாள் குடத்தை எடுத்துக்கொண்டு அவளே கீழே ஊற்றுக்கு இறங்கிப் போனாள். அங்கே துணி துவைத்துக்கொண்டிருந்த ஒருத்தி நிமிர்ந்து பார்த்து, "நீங்கதான் கரடிக்குப் பக்கத்தூட்டு அம்மணிங்களா?" என்று கேட்டுவிட்டுப் பாறை அதிரச் சிரித்தாள். அம்சவேணியும் சிரித்தாள். மலைக்கு வந்து அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. அந்தப் பெண்ணின் பெயர் பாப்பாயி. அன்றைக்கு மாமியார்களைப் பற்றிப் பேசினார்கள். மறுநாள் பல்வலியைப் பற்றி. அதற்கடுத்த நாள் மறுபடியும் மாமியார்களைப் பற்றி. தலைவலி இருந்த இடம் தெரியாமல் போயிற்று.

அர்த்தனாரிக்கு விஷயம் எட்டியது. "பாப்பாயி, செல்லமுத்துவின் மனைவி. செல்லமுத்துவின் பலாமரத் தகராறு என்னிடம் விசாரணையில் இருக்கிறது!"

"மரத்தைப் பத்தி நாங்க ஒரு வார்த்தைகூடப் பேசலீங்க."

"பேசாதது மேலும் சந்தேகத்துக்கு இடமளிக்கிறது" என்றார் அவர். ஊற்றுக்குச் செங்கோடன் அனுப்பப்பட்டான். தலைவலி திரும்பி வந்தது.

இந்த நிலையில்தான் ஜில்லாத் தலைமையிடத்திலிருந்து சர்க்குலர் வந்தது. உத்தியோகஸ்தர்கள் அண்டை அயலாருடன் சிநேக பாவம் பூண்டு ஒழுக வேண்டும். அவ்வாறு ஒழுகுகிறார்களா என்பதை டிப்டி கலெக்டர் நேரில் வந்து பார்வையிடுவார். ஒழுகாதவர்கள் பதவி இறக்கப்படுவார்கள்.

அர்த்தனாரி வாசலுக்கு வந்து நாலா பக்கமும் பார்த்தார். மூடுபனி தெரிந்தது. அண்டை இல்லை, அயலும் இல்லை.

"ஏனுங்க, பேசாம கீழ ஊருக்குள்ள குடி போயிரலாமே" என்றாள் அம்சவேணி.

"விதி இடம் தராது. நாம் அண்டை வீட்டுக்குப் போக முடியாது. அண்டை வீடுதான் நம்மிடம் வர வேண்டும்."

கூப்பிடு தூரத்தில் ஒரு குடிசை போடப்பட்டது. குடும்பத்துக்கு ஒரு வாரம் முறை வைத்து அதில் வந்து அண்டை வீட்டாராக இருக்க வேண்டும் என்று தமுக்கடித்து அறிவிக்கப்பட்டது. விதிக்குப் பங்கம் வராதபடி, இருக்கிற வாரம் அவர்கள் மனு தூங்குவதாகக் கருதப்படும். காலையில் சௌக்கியம் விசாரிக்க வேண்டும். மாலையில் உப்போ நெருப்போ இரவல் கேட்க வேண்டும்.

முதலில் வந்தவர் கருப்பண்ணக் கவுண்டர். விடிந்ததும் வாசலில் வந்து நின்று, "சௌக்கியமுங்களா? உப்பு வேணுமுங்க. நெருப்பு வேணுமுங்க. எல்லாம் கேட்டாச்சுங்க, நான் களையெடுக்கப் போலாமுங்களா?" என்றார். அடுத்து வந்தவர்கள் அண்டை வீட்டு உத்தியோகம் என்றால் டவாலி உண்டா என்று விசாரித்தார்கள். யாரும் அம்சவேணியோடு பேசவில்லை. பயந்துகொண்டு கும்பிட்டார்கள்.

டிப்டி கலெக்டர் வரும் வாரத்துக்குப் பாப்பாயியின் முறை வரும்படி அம்சவேணி பார்த்துக்கொண்டாள். அதற்காகக் கணவனுக்கு இரண்டு வேளை சோறு வரப்பெறாமல் போகவேண்டியிருந்தது.

பாப்பாயி புருஷனோடும் கோழிகளோடும் வந்து இறங்கினாள். பொழுதெல்லாம் பேச்சுத்தான். அர்த்தனாரி வெளியே போவது எப்போது என்று காத்திருந்து, இரண்டு பேரும் ஒரே முறத்தில் மொச்சை உரித்தார்கள். மாமியார்கள் தீர்ந்துபோய், அவரவர் புருஷன் குறட்டை வரைக்கும் வந்துவிட்டார்கள். இனி இந்த மலையிலேயே கிழவியாகிப் போனாலும் பரவாயில்லை என்று அம்சவேணிக்குத் தோன்றியது.

டிப்டி கலெக்டர் வரவேண்டிய அன்று காலையில், பாப்பாயியின் கோழிகள் அம்சவேணியின் கொத்துமல்லிப் பாத்தியை அடியோடு கிளறிவிட்டன. அந்தக் காற்றிலும் குளிரிலும் பிள்ளையைப் போலப் பார்த்து வளர்த்த பாத்தி. அம்சவேணி விறகுக் கட்டையை விட்டெறிந்தாள். முட்டையிடும் கோழிக்குக் கால் நொண்டியாயிற்று. பாப்பாயி கோழியைத் தூக்கிக்கொண்டு போய்க் குடிசைப் படலைச் சாத்திக்கொண்டாள்.

அடிவாரத்தில் டோலி கிளம்பிவிட்டதாக ஆள் வந்து சொன்னான். அர்த்தனாரி மனைவியிடம் வந்தார். "அம்சா, ஒரு சிரிப்பு. ஒரே ஒரு சிரிப்பு அவளைப் பார்த்துச் சிரிக்கப்பட்டால் போதும்."

"அவ மொதல்ல பேசட்டும்."

அர்த்தனாரி குடிசைக்கு ஓடினார். "செல்லமுத்து, உன் மரம் உனக்கே. உன் சம்சாரத்தைச் சிரிக்கச் சொல்லு."

"மரம் வேணாமுங்க. அவகிட்டப் போயிச் சிரின்னு சொல்ல என்னால ஆகாதுங்க" என்றான் செல்லமுத்து.

டிப்டி கலெக்டர் வந்தார். டோலி தூக்கியவர்களைவிட அவருக்கே அதிகமாக மூச்சு வாங்கியது. நாற்காலியில் அமர்ந்து, பாப்பாயியைக் கூப்பிட்டுக் கேட்டார்: "இந்த அம்மாள் உனக்குச் சிநேகிதியா?"

"இவளா? இவ மூஞ்சியில இனி முழிக்க மாட்டனுங்க சாமி!"

"என்ற மூஞ்சிக்கு என்னடி கொறைச்சல்? நீ வந்து முழிக்கலைன்னு இங்க யாரு அழுதா?" என்றாள் அம்சவேணி. சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்தது.

"நீதான் அழுத! ஊத்துல என்ற தோள்ல சாஞ்சுக்கிட்டு, பேச ஆளில்லாம செத்துருவேன்னு அழுகல? கரடிக்குப் பயந்து உன்ற ஊட்டுக்காரரு ராத்திரி கட்டிலுக்கடியில படுக்கறாருன்னு சொல்லல?"

"உன்ற புருசன் சாமைச் சாராயம் காச்சறான்னு நீ சொல்லல?"

செல்லமுத்து மெல்ல நகர்ந்தான். அர்த்தனாரிக்கு நகர இடமில்லை. முறை வைத்தது, தமுக்கடித்தது, உப்பு இரவல் வாங்க உத்தரவு போட்டது, எல்லாம் சந்திக்கு வந்தது. கடைசியில் இரண்டு பேரும் மூச்சு வாங்கி நிறுத்தியபோது, டிப்டி கலெக்டர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"மிஸ்டர் அர்த்தனாரி, எனக்குக் காட்டுவதற்காகச் சிரிப்பவர்களை ஜில்லா முழுவதும் பார்த்துவிட்டேன். காட்டுவதற்காக யாரும் இப்படிச் சண்டை போட மாட்டார்கள். இதுவல்லவா அண்டை வீடு! எங்கள் வீட்டுப் பக்கமும் இப்படித்தான்" என்றார்.

டோலி இறங்கி மறைவதற்குள் அம்சவேணி நல்லெண்ணெயைக் காய்ச்சி எடுத்துக்கொண்டு குடிசைக்குப் போனாள். கோழியின் காலுக்கு ஒருத்தி எண்ணெய் போட, ஒருத்தி துணி சுற்றினாள். "கட்டிலுக்கடியில படுக்கறதை நான் சொல்லியிருக்கக் கூடாது அம்மணி" என்றாள் பாப்பாயி. இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் கோழி மிரண்டு நொண்டியபடியே ஓடிற்று.

பதினைந்து நாளில் உத்தரவு வந்தது. அண்டை வீட்டுத் திட்டத்தைக் கண்டுபிடித்த அர்த்தனாரிக்குப் பதவி உயர்வு. ராசிபுரத்தில் இருந்துகொண்டு அதை ஜில்லா முழுவதும் அமுல்படுத்த வேண்டியது. அவர் அன்றைக்கே அதற்கு ஒரு சர்க்குலர் எழுதி முன்னதாக அனுப்பிவிட்டு, அம்சவேணியைப் பெருமையோடு பார்த்தார். அவள் எழுந்து கீழே ஊருக்கு இறங்கிப்போய்ப் பாப்பாயியின் படலைத் தட்டினாள். அன்று சாயங்காலம் வரை அங்கேயே இருந்தாள். போய்வருகிறேன் என்று மட்டும் இரண்டு பேரும் சொல்லிக்கொள்ளவில்லை.

ராசிபுரத்தில் தெருவுக்குள்ளேயே வீடு. இரண்டு பக்கமும் சுவரை ஒட்டி வீடுகள். பேச்சுக் குரலைக் கேட்டதும் அம்சவேணிக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்துச் சுவருக்கு மேலே ஒரு பெண்ணின் தலை தெரிந்தது. அம்சவேணி ஆசையாகச் சிரித்தாள்.

"ஏண்டி, வந்ததும் வராததுமா சாக்கடையை எங்க பக்கம் திருப்பி உடறயா? நீயெல்லாம் ஒரு பொம்பளையா?" என்று தெருவே கேட்கக் கத்தினாள் அவள்.

அம்சவேணி இன்னும் ஒரு சொம்புத் தண்ணீர்கூடக் கொட்டியிருக்கவில்லை.

சுவருக்கு மேலிருந்தவள் குரலைத் தாழ்த்தினாள். "கோவிச்சுக்காதீங்க. என்ற பேரு ருக்குமணி. ஊட்டுக்காரரு தாலூகா ஆபீஸ்ல ஹெட்கிளார்க்கு. அண்டை ஊட்டாரோட வாரம் ஒரு சண்டைன்னு சர்க்குலர் வந்திருக்குதுங்க. உங்க ஊட்டுக்காரரு போட்டதுதானுங்களே? பதில் சண்டையை இப்பவே போட்டுட்டீங்கன்னா நான் போயி உலை வெப்பேன். என்ற மாமியாரைச் சொல்லித் திட்டுங்க, அதுல எனக்கு ஆட்சேபணை இல்லீங்க."

அம்சவேணி வாயைத் திறந்தாள். முன்பின் தெரியாத ஒருத்தியை என்ன சொல்லித் திட்டுவது?

"ஏனுங்க, நாம மொதல்ல கொஞ்சம் பழகிக்கலாமுங்களா?" என்று கேட்டாள்.

ருக்குமணி அக்கம் பக்கம் பார்த்துக்கொண்டு, "அதுக்கு இன்னும் உத்தரவு வரலீங்களே" என்றாள்.