ஓடைக்கு மேற்கே நின்ற என் மனைவி

ஹைஃபா,
ஞாயிற்றுக்கிழமை

மதிப்பிற்குரிய மைத்துனர் எல்கானா அவர்களுக்கு,

தங்கள் தங்கை ஸிப்போராவின் கணவன் நஃப்தாலி பணிவுடன் எழுதுவது. தங்கள் முழங்கால் வலி தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் தங்கள் தங்கையால்தான்.

முப்பத்தொரு வருடம் நில அளவைத் துறையில் வரைபடம் வரைந்து ஓய்வு பெற்ற எனக்கு வாரத்தில் ஒரே சுகம் சனிக்கிழமைச் சாப்பாடு. வெள்ளி மாலை அடுப்பில் ஏற்றும் ஹமின் என்கிற இறைச்சிக் கூட்டு சனி மதியம்வரை மெல்ல வெந்துகொண்டிருக்கும், தின்றுவிட்டுத் தூங்குவேன். ஆலிவ் அறுவடை தொடங்கியதிலிருந்து அந்தப் பானை விடிகாலையிலேயே துண்டு சுற்றிக்கொண்டு அறுவடைத் தொண்டர்களின் வேனில் ஏறிவிடுகிறது, கூடவே தங்கள் தங்கையும். எங்கே என்றால், மேற்குக் கரை மலையில் அபூ நிஸார் என்கிற பாலஸ்தீனரின் தோப்புக்கு. போன வருடம் பக்கத்து யூதக் குடியேற்றவாசிகள் அவருடைய நாற்பது மரங்களை அறுத்துத் தள்ளினார்களாம். இஸ்ரேலியர் பத்துப் பேர் கூட நின்றால் கை வைக்கக் கொஞ்சம் யோசிப்பார்களாம். "அறுபத்தெட்டு வயசுல நீ யாருக்குக் காவல்?" என்றேன். "உங்களுக்குக் காவல் இருந்து என்னத்தக் கண்டேன்?" என்கிறாள். மூன்றாம் மாடி பெனினா படியில் எதிர்ப்பட்டால், "துரோகி வீட்டுக்காரர் வர்றாரு" என்று சுவரைப் பார்த்துச் சொல்கிறாள். நான் என்ன பாவம் செய்தேன்?

ஸிப்போராவைக் கையோடு கூட்டி வந்துவிடுவது என்று நேற்று நானும் வேனில் ஏறினேன். இறங்கியதுமே அபூ நிஸாரின் மனைவி சுடச்சுட ரொட்டியும் புது எண்ணெயும் கொடுத்துவிட்டார். வாய் நிறைய ரொட்டியை வைத்துக்கொண்டு மனைவியை அதட்ட முடியுமா? "சும்மாத்தானே நிக்கிறீங்க, ஏணியப் புடிங்க" என்றார் அபூ நிஸார். பிடித்தேன். அரை மணியில் ராணுவ ஜீப் வந்து நின்றது. ஒரு லெப்டினன்ட், நம் பேரன் வயதிருக்கும், தாளை நீட்டி, "இது மூடப்பட்ட ராணுவப் பகுதி. பத்து நிமிஷத்துல எல்லாரும் கிளம்புங்க" என்றான். அப்பாடா, அரசாங்கமே என் பக்கம் என்று உள்ளூர மகிழ்ந்தேன். ஆனால் தாளில் இருந்த வரைபடம் கண்ணில் பட்டுத் தொலைத்தது. மூடிய பகுதி வறண்ட ஓடைக்குக் கிழக்கே, அவன் ஜீப் நின்ற பக்கத்தோடு கோடு போட்டு முடிந்திருந்தது. நாங்கள் நின்றதோ மேற்கே.

"தம்பி, தடை செஞ்ச இடத்துல நிக்கிறது உன் ஜீப்புதான். நாங்க வெளிய நிக்கிறோம்."

"ஐயா, அதோட அர்த்தம் என்னன்னு உங்களுக்குப் புரியாதா?"

"வரைபடத்துக்கு அர்த்தம் கிடையாது தம்பி, கோடுதான் உண்டு."

அவன் மேலதிகாரியைக் கூப்பிட, அவர் இன்னொருவரைக் கூப்பிட, ஒன்றேகால் மணி நேரம் போய்விட்டது. அதற்குள் பத்தொன்பது மரம் பறித்தாயிற்று. "இத்தன வருஷத்துல காகிதம் எங்க பக்கம் பேசினது இன்னிக்குத்தான்" என்று அபூ நிஸார் என் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். நானும் பதிலுக்கு முத்தமிட்டுவிட்டேன், மறைப்பானேன். இருந்தாலும் நான் வாய் திறந்தது தொழில் மானத்துக்காக மட்டுமே. அரசியலுக்கும் எனக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. ஆகவே, மூத்தவர் என்ற முறையில் தாங்கள் கண்டிப்பாக ஒரு கடிதம் எழுதி ஸிப்போராவை வீட்டில் உட்கார வைக்க வேண்டும். தாங்கள் சொன்னால்தான் கேட்பாள்.

தங்கள் இல்லத்தில் அமைதியும் ஆரோக்கியமும் நிலைக்க ஆண்டவன் அருளட்டும். பேரப்பிள்ளைகளுக்கு முத்தங்கள்.

தங்கள் அன்பு மைத்துனன்,
நஃப்தாலி

பி.கு.: இதைத் தபாலில் போட மறந்து ஒரு வாரம் சட்டைப்பையிலேயே வைத்திருந்துவிட்டேன். நேற்று மறுபடி போனேன், ஏணி பிடிக்க ஆளில்லை என்றார்கள். அதே லெப்டினன்ட் புதுத் தாளோடு வந்தான். இந்த முறை மலை முழுவதற்கும் சிவப்பு அடித்திருந்தார்கள். வரைபடத்தில் அளவுகோல் எங்கே, வடக்கு எது என்றுதான் கேட்டேன். கடமையைச் செய்யவிடாமல் தடுத்தேன் என்று காவல் நிலையத்துக்குக் கொண்டுபோய், பதினைந்து நாள் அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். தங்கள் தங்கையை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்னும் பதினொரு மரம் பாக்கி. மழை பிடித்தால் காயெல்லாம் மண்ணில்தான். எனவே மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். வரும் சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு வேன் உங்கள் தெருமுனையில் நிற்கும். ஏணியை நீங்கள்தான் பிடிக்க வேண்டும். நீங்கள் ஒத்துக்கொண்டுவிட்டதாக ஸிப்போராவிடம் சொல்லியாயிற்று.