கஞ்சி போட்ட கார்

புதுப் பெண்டாட்டிக்கு நகை வேண்டும், பட்டுப் புடவை வேண்டும் என்று சொல்கிறவர்கள் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் குடித்தனம் செய்து பார்த்ததில்லை. எனக்கு வேண்டியிருந்தது ஒரு கதவு. உள்பக்கம் தாழ்ப்பாள் இருந்தால் இன்னும் விசேஷம்.

கல்யாணமாகி மலாக்காவுக்கு அடுத்த டுரியான் துங்கால் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டுக்கு வந்தபோது எனக்குக் கிடைத்தது ஒரு பழைய சேலை. இருந்த ஒரே அறையில் அதைக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தார்கள். அந்தப் பக்கம் மாமனார், மாமியார், இரண்டு நாத்தனார்கள். இந்தப் பக்கம் நானும் என் வீட்டுக்காரர் மாரிமுத்துவும். மாமனார் இருமினால் சேலை ஆடும். நாங்கள் குசுகுசுவென்று பேசினால் அங்கிருந்து பதில் வரும். (ஒருமுறை "தலைய வலிக்குதுங்க" என்று இவர் காதோடு காதாகச் சொன்னேன். "சுக்கு அரைச்சுப் பத்துப் போடு" என்றது சேலை.)

அது வெள்ளைக்காரன் அறிவித்த அவசர காலம். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்ட்டுகளுக்குச் சோறு போய்விடக் கூடாது என்று லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டு, ஒரே ஒரு கேட் வைத்து, போலீஸை நிறுத்தியிருந்தார்கள். அரிசி ரேஷன். பால்மரம் வெட்டிப் பாலெடுக்கப் போகிறவள் மடியில் ஒரு கவளம் சோறு இருந்தாலும் பிடித்து உள்ளே தள்ளிவிடுவார்கள். பசியோடு போவோம், பசியோடு வருவோம். காட்டில் இருக்கிறவனைப் பட்டினி போடுவதாகச் சொல்லிக்கொண்டு எங்களைத்தான் போட்டார்கள்.

ஆபீஸ் பக்கத்தில் டிரைவர் வீடு ஒன்று காலியாகக் கிடந்தது. இரண்டு அறை, முன்கதவு, பின்கதவு. வேலைக்குப் போகிற வழியில் அந்த முன்கதவை ஒரு தள்ளுத் தள்ளிப் பார்த்துவிட்டுத்தான் போவேன். பைத்தியம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வீட்டைக் கொடுக்கிற அதிகாரம் பெரிய கிராணியாரிடம் இருந்தது. எஸ்டேட் ஆபீசில் தலைமைக் குமாஸ்தா அவர். வெள்ளைக்காரத் துரைக்கு ஒரு படி கீழே. எங்களைப் பொறுத்தவரை நாலு படி மேலே. சண்டைக்கு முன்னால் இருந்த துரையின் பழைய காரை அவர் எப்படியோ தமக்கென்று வாங்கியிருந்தார். ஜப்பான்காரன் காலத்திலிருந்து, ரப்பர் ஷீட் காயவைக்கிற புகைக்கூடத்துப் பின்னால் எலிகள் குடும்பம் நடத்திக்கொண்டிருந்த கார் அது. (எலிக்கே கதவு வைத்த வீடு!) தம் மகள் கல்யாணத்துக்கு மாப்பிள்ளையை மலாக்காவிலிருந்து அதில்தான் அழைத்து வருவேன் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார்.

என் வீட்டுக்காரர் எஸ்டேட் லாரியில் அட்டெண்டன்ட். இஞ்சின் வேலை தெரியும். கிராணியார் கூப்பிட்டனுப்பினார்.

"மாரி, காரைப் பழையபடி ரெடி பண்ணு. மாப்பிள்ளைய ஏத்தி நீயே ஓட்டிக்கிட்டு வா. டிரைவர் வேலையும் உனக்குத்தான், அந்த வீடும் உனக்குத்தான்லா."

இவர் இரவு பகலாக உழைத்து இஞ்சினுக்கு உயிர் கொடுத்துவிட்டார். ஆனால் ஓட்டிப் பார்த்தால் உள்ளே உட்கார முடியவில்லை. காலடியில் அடுப்புச் சூடு, காதில் ரைஸ் மில் சத்தம். இஞ்சினுக்கும் ஆள் உட்காரும் இடத்துக்கும் நடுவே ஒரு தகரச் சுவர் இருக்கிறது. அதன்மேல் கனமான கம்பளி மெத்தை ஒன்று ஒட்டியிருக்குமாம், சூட்டையும் சத்தத்தையும் தடுக்க. தரைவிரிப்புக்கு அடியில், கதவு அட்டைகளுக்குப் பின்னால், கூரைத் துணிக்கு மேலே என்று எல்லா இடத்திலும் அந்த மெத்தை உண்டு. எல்லாவற்றையும் எலி தின்றிருந்தது. மலாக்காவில் சீனர் கடையில் கேட்டதற்குச் சிங்கப்பூரிலிருந்து வரவழைக்க வேண்டும் என்றார்கள்.

"எதுக்கு சிங்கப்பூர்? உன் பொண்டாட்டிதான் மெஷின் வச்சிருக்காளே" என்றார் கிராணியார். "துரை காலத்துல எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கணும், ஆமா."

சீதனமாக வந்த கை மெஷின் அது. லயத்துப் பெண்களுக்கு ரவிக்கை தைப்பேன். எனக்கு வந்த கர்வத்தைப் பார்க்க வேண்டுமே! ரவிக்கை வெட்டுகிறவளுக்குக் கார் என்ன பெரிய கார் என்று இஞ்ச் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு போய் நின்றேன். எலி மிச்சம் வைத்த துண்டுகளைப் பூப்போலப் பிரித்தெடுத்து, பழைய பேப்பரில் அளவு வெட்டினேன். ஸ்டியரிங் கம்பி வருகிற ஓட்டைக்குக் கழுத்து வெட்டுவது போல வெட்டினேன். பிரேக் மிதிக்கிற இடத்துக்குக் கைக்குழி. இரண்டு கோணித் துணிகளுக்கு நடுவே இலவம்பஞ்சை அடைத்து, கட்டம் கட்டமாகத் தையல் ஓட்டினேன். பாதி ஊசிகள் உடைந்தன.

ஒட்டுவதற்கு ரப்பர் பால்தான் சரி. சுற்றிலும் ரப்பர் மரம். ஆனால் ஒரு கோப்பைப் பாலைத் தொட்டாலும் திருட்டுக் கேஸ். என்ன செய்வது என்று விழித்துக்கொண்டிருந்தபோது கிராணியார் பார்வையிட வந்தார். மெத்தையைத் தூக்கிப் பிடித்தார். அது தலை தொங்கியது.

"என்ன பொண்ணு இது, தொளதொளன்னு? பழசு அட்டை மாதிரி நிக்கும். என் சிலுவாருக்குப் போடுவியே, அந்த மாதிரி நல்லாக் கஞ்சியப் போட்டு விறைப்பாக்கு. அதையே தடவி ஒட்டிடு."

(அவருடைய வெள்ளைச் சிலுவார்களுக்கு, அதாவது கால்சட்டைகளுக்கு, கஞ்சி போட்டுத் தேய்த்துக் கொடுப்பது நான்தான். சம்பளம் கிடையாது. பெருமை மட்டும்.)

"அரிசிக்கு என்னங்கையா பண்றது?"

"உங்க ரேஷன்ல போடு. வீடு வருதில்ல?"

வீடு என்ற சொல்லைக் கேட்டதும் என் புத்தி வேலை செய்வதை நிறுத்திக்கொண்டது. வீட்டிலிருந்த அரிசியெல்லாம் கொதித்தது. வடிகட்டினால் சத்து போய்விடும் என்று குழையக் குழையக் கடைந்து, பருக்கையோடு சேர்த்து அப்பினேன். உலகம் அழிந்தாலும் என் மெத்தை அழியக் கூடாது பாருங்கள். ஒரு வாரம் வீட்டில் மரவள்ளிக்கிழங்கு. மாமியார் தட்டை நகர்த்திவிட்டுச் சொன்னார்: "காருக்குச் சோறு, மனுசனுக்குக் கிழங்கு. நல்லா இருக்குடியம்மா உன் குடித்தனம்."

வெயிலில் காய்ந்ததும் மெத்தை பலகையாக நின்றது. கிராணியார் விரலால் தட்டிப் பார்த்து "ம்" என்றார். அன்றைக்கே ஜன்னல் துணிக்கு என்ன நிறம் எடுப்பது என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

கல்யாணத்தன்று காலையில் இவர் ஓட்ட, கிராணியார் வெள்ளைச் சிலுவாரும் கோட்டுமாக முன்சீட்டில் ஏறிப் போய், மலாக்காவில் மாப்பிள்ளையையும் அவர் அம்மாவையும் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டார். நடுவழியில் மழை பிடித்துக்கொண்டது. அந்தத் தகரச் சுவரில் இருந்த துருப்பிடித்த ஓட்டைகளை யாரும் கவனிக்கவில்லை. மழைத்தண்ணீர் உள்ளே இறங்கி, பின்சீட்டுக் காலடி வரை மெத்தையை நனைத்தது. அந்தப் பக்கம் இஞ்சின் கொதித்தது. பிறகென்ன, உலை வைத்தாகிவிட்டது.

கேட்டுக்கு உள்பக்கம்தான் கோயிலும் பந்தலும். நாங்கள் எல்லாரும் கேட்டை ஒட்டி நின்றோம். என் மெத்தையின்மேல் கால் வைத்து மாப்பிள்ளை வருகிறார் என்று நான் எல்லாருக்கும் முன்னால் நின்றேன். வழக்கமாகக் கிராணியார் வண்டியென்றால் கேட்டில் சலாம் போட்டுத் திறந்துவிடுவார்கள். அன்றைக்குப் பார்த்துத் திடீர்ச் சோதனைக்கு ஒரு வெள்ளைக்கார ஆபீசர் வந்திருந்தார். கையில் பிரம்பு, அரைச் சிலுவார்.

கார் நின்றது. மேளக்காரர் ஊதத் தொடங்கினார். கண்ணாடியை இறக்கியதும் உள்ளிருந்து குபீரென்று ஆவி வந்தது, கூடவே வாசனை. புழுங்கலரிசிச் சோறு வடிக்கிற வாசனை! பசியோடு நின்ற லயமே மூக்கை விடைத்துக்கொண்டு ஒரு மூச்சு இழுத்தது.

மலாய்க்காரப் போலீஸ்காரன் ஒருவன் கத்தினான்: "நாசி, துவான்! நாசி!" சோறு, ஐயா, சோறு என்கிறான்.

எல்லாரையும் இறக்கினார்கள். மாப்பிள்ளையின் பட்டு வேட்டி முழங்கால் வரை கஞ்சி. அவர் அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்னங்க சம்பந்தி, வர்ற வழியில காருக்குள்ளயே சோறாக்கிட்டீங்களா?" என்று கேட்டார். அதற்குள் போலீஸ்காரர்கள் கதவு அட்டையைப் பெயர்த்தார்கள். கூரைத் துணியைக் கிழித்தார்கள். நான் ஊசி உடைத்துத் தைத்த மெத்தைகள் ஒவ்வொன்றாகச் சேற்றில் விழுந்தன. ஒரு துண்டில் உப்பிப்போன பருக்கை ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. ஆபீசர் அதை விரல் நுனியில் எடுத்துக் கிராணியாருக்குக் காட்டினார்.

கிராணியார் திரும்பி என்னைக் கைகாட்டினார்.

என்னை இழுத்து முன்னால் விட்டார்கள். "ஐயா, இது சோறு இல்லீங்க. துணிக்குப் போடற கஞ்சி. கிராணியார்தான் போடச் சொன்னாரு" என்றேன், கும்பிட்டபடி. ஆபீசருக்குத் தமிழ் தெரியாது. அங்கே இங்கிலீஷ் பேசத் தெரிந்த ஒரே ஆள் கிராணியார். நான் சொன்னதை அவர்தான் மாற்றிச் சொல்ல வேண்டும்! மாற்றித்தான் சொன்னார். அந்த நீளமான பேச்சில் "கூலி", "ரைஸ்" என்ற இரண்டு சொற்கள் மட்டும் எனக்குப் புரிந்தன. ஆபீசர் முகம் இறுகியது. இரண்டு போலீஸ்காரர்கள் என் வீட்டுக்காரர் கையைப் பின்னால் முறுக்கிப் போலீஸ் லாரிப் பக்கம் இழுத்தார்கள்.

அந்தக் காலத்தில் அப்படி ஏற்றப்பட்டவன் எப்போது வருவான், வருவானா, கப்பலேற்றி ஊருக்கே அனுப்பிவிடுவார்களா என்று யாருக்கும் தெரியாது. "ஐயோ, அவர விட்டுடுங்க!" என்று அலறினேன். யார் காதிலும் விழவில்லை. என்ன செய்கிறோம் என்று தெரியாமல் பாய்ந்து, ஆபீசருடைய அரைச் சிலுவாரின் விளிம்பைப் பிடித்துவிட்டேன்.

மேளம் நின்றது. துப்பாக்கிகள் என் பக்கம் திரும்பின. நான் விடவில்லை. ஒரு கையில் கீழே கிடந்த மெத்தைத் துண்டு, ஒரு கையில் வெள்ளைக்காரன் சிலுவார். இதைத் தட்டினேன், அதைத் தட்டினேன். மெத்தையைக் காட்டி "கஞ்சி" என்றேன். விறைப்பாக நின்ற அவருடைய சிலுவார் மடிப்பைக் காட்டி "கஞ்சி, துவான், கஞ்சி" என்றேன்.

அவர் குனிந்து என் கையைப் பார்த்தார். தம் சிலுவாரைப் பார்த்தார். முகம் மிளகாய்ப்பழமாகச் சிவந்தது. பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். அவர் சிரித்ததும் போலீஸ்காரர்கள் சிரித்தார்கள். பந்தல் முழுக்கச் சிரித்தது. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் கிராணியார். என் வீட்டுக்காரர் கையை விட்டுவிட்டார்கள்.

முகூர்த்தம் தப்பி, வேறு நேரம் பார்த்துத் தாலி கட்டினார்கள். மறுநாள் கிராணியார் இவரைக் கூப்பிட்டு, "என் மானத்த வாங்கிட்டா உன் பொண்டாட்டி. போய் லாரியிலயே கெட" என்றார். டிரைவர் வேலையும் வீடும் அவர் மனைவி வழிச் சொந்தக்காரனுக்குப் போயின. எனக்கு மேட்டுக்காட்டில், எல்லாவற்றுக்கும் தூரமான நிரையை, பால் வெட்டும் மர வரிசையை, கொடுத்தார்கள். புது டிரைவரின் மனைவி நல்லவள்தான். ஜன்னல் துணி தைக்க என்னைக் கூப்பிட்டாள். உள்ளே போய் அளவெடுத்தேன். வரும்போது கதவைச் சாத்திவிட்டு வந்தேன். என் மூத்த மகள் பிறந்தது அந்தச் சேலைக்குப் பின்னால்தான்.

இப்போது மலாக்கா டவுனில் மகன் வீட்டில் இருக்கிறோம். எங்கள் வீட்டில் யாருக்கு எங்கே காரியம் நடக்காவிட்டாலும், "அம்மாவ அனுப்புலா, சிலுவாரப் பிடிச்சு நியாயம் கேட்டுட்டு வருவாங்க" என்பார்கள். கல்யாண வீடுகளில் என் வீட்டுக்காரர் எழுந்து நின்று நடித்தே காட்டுவார். சம்பந்திகள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள் எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன்.

அன்றைக்கு ஆபீசருக்குப் பக்கத்திலேயே இன்னொரு சிலுவாரும் நின்றது. முழங்காலுக்கு மேலே வெள்ளை வெளேரென்று, நானே கஞ்சி போட்டுத் தேய்த்தது. துப்பாக்கி வைத்திருந்த வெள்ளைக்காரனுடையதைப் பிடித்துவிட்டேன். கிராணியாருடையதைப் பிடிக்க எனக்குத் தைரியம் வரவில்லை.