முதலில் கேட்டவருக்கு மட்டும்

ஏழு ஏரிகளுக்கு அப்பால் ஏட்டூர் என்றொரு நாடு இருந்தது. அங்கே எதுவும் ஏட்டில் ஏறினால்தான் உண்மை. மழையைக்கூட ஏட்டில் எழுதிய பிறகுதான் பெய்ததாக ஒப்புக்கொள்வார்கள்.

மனு கொடுத்தால் அரண்மனை முகப்பு அதிகாரி திருமேனிநாதர் உடனே ‘பதிவாயிற்று’ என்று முத்திரை குத்திக் கொடுத்துவிடுவார். நிலவறையில் ஏட்டில் எழுதுவது பிறகு, கை ஒழிந்தபோது. மக்கள் காத்திருக்கக் கூடாதே என்ற நல்லெண்ணம்தான். ஏட்டைக் கறையான் அரித்து எழுத முடியாமல் போனால், உள்ளிருந்து முகப்புக்கு ஒரு சிவப்புச் சீட்டு வரும். யார் முதலில் வந்து “பிழை உண்டா?” என்று கேட்கிறாரோ, அவருக்கு அதைப் படித்துக் காட்டிவிட்டுச் சீட்டையும் மனுவையும் எரித்துவிட வேண்டும். கெட்ட செய்தியை இருமுறை சொல்வது அரசுக்கு அழகல்ல என்றது சட்டம்.

காரைமேட்டின் ஊர்த்தலைவி வெள்ளைத்தாயி, ஏரித் தண்ணீரில் முறை கேட்டு முந்நூற்றுப் பன்னிரண்டு வீட்டுப் பெயர்களைக் கொடுத்து முத்திரை வாங்கிப் போனாள். நாற்றங்கால் வெடித்தது. மதகு திறக்கவில்லை. ஏட்டில் அப்படியோர் ஊரே இல்லை என்றார் மதகுக்காரர். அவள் அரண்மனைக்கு ஓடி வந்தாள்.

“எங்க ஊரை எழுதலையாமே, சாமி?”

“பிழை ஏதும் இல்லை, அம்மா.”

“அப்புறம் ஏன் தண்ணி வரல?”

“நேற்றுவரை பிழை இருந்தது. வெற்றிலை வியாபாரி ஒருவர் வழி கேட்க வந்தவர், பேச்சுவாக்கில் ‘பிழை உண்டா?’ என்றார். சொல்லிவிட்டோம்.”

“அந்தாளுக்கும் எங்க ஊருக்கும் என்னய்யா சம்பந்தம்?”

“சம்பந்தத்தைப் பற்றிச் சட்டம் எதுவும் பேசவில்லை.”

வெள்ளைத்தாயி விடவில்லை. மறுபடி மனு கொடுத்தாள். இந்த முறை ஊரில் ஐம்பது பேரைக் கூட்டிவந்து முகப்பில் உட்காரவைத்தாள். அவர்கள் முறைவைத்து “பிழை உண்டா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். மூன்றாம் நாள் அமைச்சர் கலிங்கராயர் வெளியே வந்து ஓர் ஆணையைப் படித்தார்.

“மக்களின் துயரத்தை எவருக்கும் முன்பாகத் தாமே அறிந்துகொள்ள மன்னர் திருவுளம் கொண்டிருக்கிறார். இனி நாள்தோறும் முதலில் கேட்கும் உரிமை அவருக்கே!”

காரைமேட்டார் உட்படக் கூட்டம் முழுவதும் கைதட்டியது. எனக்கு அவர்கள்மேல் கோபம் வருகிறது. ஆனால் நான் அங்கே நின்றிருந்தாலும் தட்டியிருப்பேன்.

அன்றுமுதல் காலைதோறும் மன்னர் எண்ணெய் தேய்த்துக்கொண்டே கேட்டார். திருமேனிநாதர் படித்தார். மன்னர் கொட்டாவி விட்டார். சீட்டுகள் எரிந்தன. அதன் பிறகு கேட்டவர்களுக்கெல்லாம் பிழை ஏதும் இல்லை என்றே பதில் கிடைத்தது. அந்த ஆண்டைப் பிழையற்ற ஆண்டாக அறிவித்து ஊர் ஊராகப் பாயசம் ஊற்றினார்கள். காரைமேட்டில் நாற்று கருகியது. அறுபது குடும்பங்கள் பாத்திரம் பண்டத்தோடு வெளியேறின.

ஏட்டூரில் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மன்னரை மக்களே தேர்ந்தெடுப்பார்கள். புது மன்னர் வந்தால்தான் தண்ணீர் வரும் என்று வெள்ளைத்தாயி ஊர் ஊராக நடந்து சொன்னாள். காரைமேட்டில் மிஞ்சியிருந்தவர்களும் பக்கத்து நாற்பது ஊர்க்காரர்களும் எதிராளிக்கே வாக்கு ஓலை கொடுத்தார்கள். ஒவ்வோர் ஓலைக்கும் முகப்பில் அதே ‘பதிவாயிற்று’ முத்திரை கிடைத்தது.

மறுநாள் உச்சிவேளையில் முரசு அறைந்தார்கள். பழைய மன்னரே வென்றிருந்தார்.

வெள்ளைத்தாயி முகப்புக்கு வந்து நின்றாள்.

“பிழை உண்டா?”

“ஏதும் இல்லை, அம்மா.”

“காலைல ராசா கேட்டாரா?”

“கேட்டார்.”

“என்ன சொன்னீங்க?”

“அதை இரண்டாம் முறை சொல்லச் சட்டம் இடம் தராது.”

“சரி. கேட்டுட்டு அவரு என்ன பண்ணாரு? அதையாச்சும் சொல்லலாமில்ல?”

திருமேனிநாதர் சட்டச் சுவடியை முதலிலிருந்து கடைசிவரை புரட்டிப் பார்த்தார். தடை எதுவும் கண்ணில் படவில்லை.

“கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி எனக்குப் போட்டார், அம்மா” என்றார்.