அக்கா வீட்டு அத்திவாரம்

கணினியிடம் எனக்குப் பிடிக்காத குணம் ஒன்று உண்டு. நாம் எவ்வளவு பெரிய முட்டாள்தனம் செய்தாலும் அது சிரிக்காது. மனிதனென்றால் முகமாவது கொஞ்சம் கோணும். இது பேசாமல் கணக்கைப் போட்டு, பச்சை நிறத்தில் 'சரி' என்று காட்டிவிட்டு இருக்கும்.

நான் பொறியியல் படித்து முடித்த புதிதில், சல்லி என்ற எங்கள் கடற்கரை ஊரில் அக்காவுக்கு வீடு கட்ட ஆயத்தமானார்கள். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். அத்திவாரக் கல் வைக்கிற அன்றே கலியாணத்துக்கும் நாள் குறிப்பது என்று குச்சவெளி மாப்பிள்ளை வீட்டாரோடு பேச்சு. அப்பா பட்டணத்தில் அனுபவமுள்ள ஒரு எஞ்சினியரைப் பிடிக்கப் பார்த்தார். அக்காதான் விடவில்லை.

"என்ர வீட்டுப் பிளானை என்ர தம்பிதான் கீறுவான். வேற ஆரும் வேண்டாம்."

(இதைக் கேட்டு நான் ஓரடி உயர்ந்தது உண்மை.)

மடிக்கணினியைத் திறந்தேன். தூணைத் தாங்கும் கொங்கிறீற் பாதத்துக்கு மென்பொருள் ஒவ்வொன்றாகக் கேட்டது: மண் எவ்வளவு தாங்கும், கொங்கிறீற்றின் வலிமை என்ன, கம்பியை எவ்வளவு தடிப்பில் மூடவேண்டும். கடற்கரை உப்பு கம்பியைத் தின்றுவிடும் என்று வீட்டுக்கு வந்துபோன எல்லோரும் பயமுறுத்தியிருந்தார்கள். ஆகவே கம்பியை மூடும் தடிப்பைத் தாராளமாக எழுபத்தைந்து என்று அடித்தேன். பாதம் ஆளுயரத் தடிப்பில் வந்தது. உப்பு இனிக் கிட்டவும் வராது என்று பூரித்துப்போனேன்.

கல் வைக்கிற நாள், விடியற்காலையிலிருந்தே மேசன் ஈசான மூலையில் குழி வெட்டினார். அவருக்கும் என்னில் பெரிய நம்பிக்கை.

"கடற்கரைக் காணியெல்லோ, ஆழமாத்தான் போடோணும்" என்றார். அப்போது அவருடைய தலை மட்டும்தான் வெளியே தெரிந்தது.

மாப்பிள்ளை வீட்டாரின் வான் வண்டி வந்து நிற்கவும், "தம்பி, காலில சில்லெண்டு கிடக்கு!" என்று அவர் கத்தவும் சரியாக இருந்தது. இரண்டு பேராக அவரைத் தூக்கி எடுப்பதற்குள் தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டது. ஐயர் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு குழியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

ஓடிப்போய்க் கணினியைப் பார்த்தேன். நான் நினைத்தது மில்லிமீற்றர். மென்பொருளில் நின்றது சென்ரிமீற்றர். நாலு விரல் தடிப்பில் மூடவேண்டியதைத் தொடையளவு மூடியிருந்தேன். அழுகை வந்துவிட்டது. என்னை நம்பிய ஒருத்தியின் கலியாணத்தை நானே தண்ணீரில் போட்டிருந்தேன்.

"என்ன தம்பி இது?" என்று மாப்பிள்ளையின் தகப்பன் கேட்டார்.

அக்கா முன்னுக்கு வந்தார்.

"கிணறு மாமா. ஈசான மூலையில முதல்ல கிணறு, பிறகுதான் வீடு. தம்பி அப்பிடித்தான் பிளான் போட்டவன்."

(எனக்கே அது புதுச் செய்தி.)

மாப்பிள்ளையின் தகப்பன் வாளியில் மொண்டு, கலங்கல் அடையும்வரை பொறுத்திருந்து, ஒரு வாய் குடித்தார். "உப்பே இல்லையே! கடற்கரையில இப்பிடித் தண்ணி ஆருக்குக் கிடைக்கும்?"

வீடு பத்தடி பின்னுக்குத் தள்ளிப்போனது. கல்லும் அங்கே வைக்கப்பட்டது, கலியாணத்துக்கும் நாள் குறித்தாயிற்று. எல்லோரும் சாப்பிடப் போனபிறகு அக்கா என் காதைத் திருகினார்.

"இப்ப உண்மையச் சொல்லு, என்னடா செய்தனீ?"

சொன்னேன். சிரித்துச் சிரித்து அவருக்குப் புரையேறிவிட்டது. கலியாணம் முடிந்ததும் அத்தானிடமும் சொல்லிவிட்டார். அதுதான் பிழையாகப் போனது. இன்றைக்கும் அந்த வீட்டுக்கு ஆர் வந்தாலும் அத்தான் முதலில் செம்பை நீட்டுவார்.

"குடியுங்கோ. எங்கட மச்சான் கொம்பியூட்டரில கணக்குப் போட்டு எடுத்த தண்ணி."

கணினியைப் போலவே அவரும் சிரிக்காமல்தான் சொல்வார்.